பெர்மிற் காணியா, ரவுனில் பத்துப் பேர்ச்சா? பிளான் பாஸ் பண்ணப் போக முன் ஒரு கணக்கு

தங்கச்சியும் மச்சானும் போன தையில் ஒரு கேள்வியோடு வந்தார்கள். கிளிநொச்சிப் பக்கம் குடியேற்றத் திட்டத்துக் கிராமம் ஒன்றில் அவர்களுக்கு அரை ஏக்கர் இருக்கிறது. அதில் இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. மகள் வவுனியாவில் எங்களோடு நின்று படிக்கிறாள், மச்சானுக்கும் வேலை இங்கேதான். ஊர் வீட்டை நீட்டிக் கட்டுவதா, வவுனியா ரவுனில் பத்துப் பேர்ச் (ஏக்கரில் பதினாறில் ஒன்று) உறுதிக் காணி, அதாவது பத்திரத்தோடு விற்று வாங்கும் தனியார் காணி, வாங்கிப் புதிதாகக் கட்டுவதா என்பது அவர்களின் யோசனை. ஆனால் தங்கச்சி கேட்டது வேறு: "அண்ணா, எந்த இடத்தில பிளான் கெதியாப் பாஸ் ஆகும்?"

நான் ஹாட்வெயார்க் கடையில் பதினைந்து வருடமாக நிற்கிறவன். சீமெந்து ஏற்ற வருகிறவர்கள் பிளானை மேசையில் விரித்துத்தான் கம்பிக் கணக்குக் கேட்பார்கள். எதில் உள்ளூராட்சிச் சபையின் சீல் இருக்கிறது, எதில் இல்லை என்பது கண்ணில் படாமல் போகாது. அந்தப் பழக்கத்தில் அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். எந்தச் சபை கெதி, எது சுணக்கம் என்று பார்த்துப் பிரயோசனமில்லை. வன்னியில் கட்டட அனுமதியை இழுத்தடிப்பது பெரும்பாலும் வீட்டின் படமில்லை, காணியின் கடதாசி.

கடதாசி

ஊர்க் காணி பெர்மிற் காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அப்பாவுக்குக் கிடைத்தது. வாய்க்கால் வெட்டிக் குடியேற்றிய இடங்களில் பெரும்பாலும் இதே கதைதான்: காணி அரசினுடையது, இருந்து அனுபவிக்கும் உரிமை எங்களுடையது. உறுதி எழுதி விற்க முடியாது, நினைத்தபடி துண்டு போடவும் முடியாது. பெர்மிற் பிறகு ஜயபூமி, சுவர்ணபூமி என்று அளிப்பாக, அதாவது அரசின் உரித்துப் பத்திரமாக, மாறியவர்களுக்கு நிலைமை கொஞ்சம் நல்லது. எங்களுடையது மாறவில்லை.

மாறாதது மட்டுமென்றால் பரவாயில்லை. அப்பா 2005 இல் காலமானார். பின்னுரித்தாளர் (தனக்குப் பிறகு காணி போகவேண்டியவர்) என்று யாருடைய பெயரையும் அவர் எழுதி வைக்கவில்லை. அவருக்குப் பிறகு அம்மா இருந்தார். 2014 இல் அவரும் போய்விட்டார். மூலப் பெர்மிற் 2009 இல் கடைசி யுத்தத்தில் மாத்தளனில் அம்மாவின் பையோடு போனது. டீ.எஸ். கந்தோரின் (பிரதேச செயலகத்தின்) பேரேட்டில் பதிவு இருந்தபடியால் பிரதி எடுக்க முடிந்தது, அந்த மட்டில் அதிர்ஷ்டம். ஆனால் பெயர் யாருடையது? பின்னுரித்து எழுதாத காணிக்கு அந்தச் சட்டத்தின் அட்டவணை 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் வரைக்கும் ஆண் பிள்ளைக்கே முன்னுரிமை கொடுத்தது. தங்கச்சி கூட்டிப் பெருக்கி, தென்னை வைத்து, வீட்டுத்திட்டத்தில் வீடும் கட்டிய காணிக்குக் கடதாசியில் ஆள் நான். வீட்டுத்திட்டக் காலத்தில் விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதத்தோடு சமாளித்தோம். கட்டட அனுமதிக்கு அது போதாது. பெர்மிற் காணியில் கட்டுவதென்றால் சபை பிரதேச செயலாளரின் கடிதத்தைக் கேட்கும். பிரதேச செயலகம் பெயரைக் கேட்கும். நான் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்து, காணிக் கிளையில் கோவை நகர்ந்து, அவளுடைய பெயருக்கு வர மாதக் கணக்கு ஆகும். செலவு அதிகமில்லை, அலைச்சல்தான்.

ரவுனில் உறுதிக் காணி. உறுதி என்றதும் எல்லாம் வெளிச்சம் என்று நினைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். காணிப் பதிவகத்தில் ஏடு பார்த்து, முன்னுறுதிகளையும் பார்த்து, ஈடு (அடமானம்) ஒன்றும் இல்லை என்று உறுதி எழுதும் நொத்தாரிஸ் சொல்லிவிட்டால் வாங்கலாம், அது சரி. ஆனால் நொத்தாரிஸ் பார்ப்பது உரித்தை. சபை பார்ப்பது வேறொன்று: அந்தத் துண்டு அனுமதியோடு பிரிக்கப்பட்டதா? நகர அபிவிருத்தி அதிகார சபையின் கீழ் பிரகடனப்படுத்திய பகுதிகளில் காணியைத் துண்டாக்குவதற்கே அனுமதி வேண்டும். வவுனியா நகரம் அப்படியான பகுதி. ஒரு துண்டு சாதாரணமாக 150 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறு பேர்ச்சுக்குக் குறையக் கூடாது. உள்ளே போகிற பாதைக்கும் அகலக் கணக்கு இருக்கிறது. ஒரு ஏக்கரை வாங்கி, கயிறு பிடித்து, பதினாறு துண்டாக வெட்டி விற்பவர்களில் எத்தனை பேர் சபைக்குப் போய் அந்தப் படத்தைப் பாஸ் பண்ணியிருப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. வாங்கியவர் வீட்டுப் பிளானோடு போகும்போதுதான் இது வெளியே வரும்.

இன்னொன்றும் உண்டு. வைரவபுளியங்குளம், பண்டாரிக்குளம், இறம்பைக்குளம் என்று வவுனியாவில் இடப்பெயர்கள் குளத்தில் முடிவது சும்மா அல்ல. குளமிருந்தால் கீழே வயல், மேலே அலைகரை, அதாவது குளத்துத் தண்ணீர் ஏறி நிற்கும் பக்கம். அலைகரைப் பக்கம் குள ஒதுக்கத்துக்குள் போகும். வயற்காணியை நிரப்பிக் கட்டுவதற்கு 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். கிறவல் போட்டு நிரப்பி, மதிலும் கட்டி, "மேட்டுக் காணி" என்று விற்கிற துண்டுகளைப் பார்த்திருக்கிறேன். மாரியில் ஒரு நாள் போய்ப் பாருங்கள், அது எந்தக் காணி என்று தவளை சொல்லும்.

ஆக, முதல் கணக்கு இப்படி: பெர்மிற் காணியின் சிக்கல் என்னவென்று முன்கூட்டியே தெரியும், பெரிய காசில்லாமல் தீர்க்கலாம், நாள் எடுக்கும். ரவுன் துண்டின் சிக்கல் வாங்கிய பிறகுதான் தெரியவரும், தீர்க்கக் காசு வேண்டும், சில வேளை தீரவே தீராது.

சபையும் சட்டமும்

பிரகடனப்படுத்திய பகுதிக்குள் 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் அதன் விதிகளும் நடக்கும். 1986 இல் வந்த விதிகளின் இடத்தில் 2021 இல் புதியவை வந்திருக்கின்றன, ஆகவே பழைய பிளானைப் பார்த்து அதே மாதிரி கீறாதீர்கள். வெளியே 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். நூறு வருடம் தாண்டிய சட்டம், இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. எதுவென்றாலும் விண்ணப்பம் போவது உள்ளூராட்சிச் சபைக்குத்தான். வவுனியா நகர சபை இப்போது மாநகர சபை. ஊர்ப் பக்கம் பிரதேச சபை. காணி பிரகடனப் பகுதிக்குள் வருகிறதா என்று சபையில் கேட்டால் சொல்வார்கள். கிளிநொச்சி ரவுனுக்குக் கிட்ட இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

உறுப்பினர்கள் இல்லாவிட்டால் பிளான் பாஸ் ஆகாது என்று ஒரு கதை உலாவியது. 2023 பங்குனியில் சபைகள் கலைந்து 2025 வைகாசித் தேர்தல் வரை உறுப்பினர்கள் இருக்கவில்லை. அந்த இரண்டு வருடமும் சபைச் செயலாளர்களின் கையெழுத்தோடு அனுமதிகள் வந்துகொண்டுதான் இருந்தன. கடையில் நானே பார்த்தேன்.

கொடுக்க வேண்டியவை இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: விண்ணப்பப் படிவம், காணிக் கடதாசியின் பிரதி, நில அளவைப் படம், வீட்டுப் படத்தின் பிரதிகள், சோலைவரி (சபைக்குக் கட்டும் ஆதன வரி) கட்டிய பற்றுச்சீட்டு, வீதிக்கோட்டுச் சான்றிதழ் (வீதி அகட்டக் காணியில் எவ்வளவு போகும் என்று சொல்வது). பிறகு ரீ.ஓ. (சபையின் தொழில்நுட்ப அலுவலர்) வந்து பார்ப்பார், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்ப்பார், திட்டமிடல் குழு கூடும். ஏ-9 போன்ற வீதிக்கு முகம் வைத்த காணியென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையும் உள்ளே வரும். கிடைத்த அனுமதி ஒரு வருடத்துக்கு. முடியாவிட்டால் காலாவதியாக முன்னர் நீடிக்க வேண்டும். வெளிநாட்டுக் காசு வர வரக் கட்டுகிறவர்கள் மறந்துவிடுவது இதைத்தான். கட்டி முடிந்ததும், படத்தின்படிதான் கட்டியது என்ற இணக்கச் சான்றிதழ். மதிலுக்கும் அனுமதி வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது.

இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொன்னால் வீதிக்கோட்டுச் சான்றிதழைச் சொல்வேன். நான் பட்டது அதில்தான்.

2013 இல் என் வீட்டைத் தொடங்கினேன். ஆசாரியார் வந்து வீடு நிற்க வேண்டிய இடத்தைக் குறித்து நிலையம் எடுத்தார், தையில் நல்ல நாள், ஆப்புகள் நாலு அடித்து மஞ்சள் பூசி நூல் கட்டியாயிற்று. பிளான் சபையில் கிடக்கிறது, எப்படியும் பாஸ் ஆகும், இந்த நல்ல நாளை விட்டால் பங்குனி தாண்ட வேண்டும் என்று அத்திவாரமும் வெட்டினேன். போர்ட்டிகோத் தூணுக்கு முன்னால் இரண்டு குழி. ரீ.ஓ. வந்தார். வயதான மனிதர், ஒன்றும் பேசவில்லை. ரேப்பின் நுனியை ஒழுங்கையின் நடுவில் என்னைப் பிடிக்கச் சொன்னார், இழுத்துக்கொண்டு போய்த் தூண் குழிக்குப் பக்கத்தில் குந்தினார். "தம்பி, வீதிக்கோடு எடுத்தனீரோ?" நில அளவைப் படத்தில் பன்னிரண்டு அடி ஒழுங்கை. சபையின் கணக்கில் அது இருபது அடிக்கு அகட்ட வேண்டிய ஒழுங்கை. எங்கள் பக்கம் நாலடி போகிறது. இரண்டு தூண் குழியும் அந்த நாலடிக்குள். கறிவேப்பிலைக் கன்று ஒன்றும்.

குழிகளை மூடினேன், படத்தைத் திருப்பிக் கீறினேன், ஆசாரியாரைத் திரும்பவும் கூட்டி வந்தேன். நிலையத்தைத் தள்ளுவது சின்ன விஷயமில்லை. அவர் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது. திருத்திய படத்தைச் சபையில் கொடுத்த பிறகு கோவையைக் காணவில்லை என்று ஐந்து கிழமை அலைந்தது வேறு. எந்தச் சபை என்று இங்கே வேண்டாம். வீதிக்கோட்டுச் சான்றிதழுக்கு அன்றைக்கு நான் கட்டிய காசு ஒரு பை சீமெந்தின் விலைக்குக் கிட்ட வரும். அதை முதலில் எடுத்திருந்தால் இவ்வளவும் இல்லை. ரவுனில் காணி வாங்குகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்க முன்னரே விற்பவரிடம் இதை எடுத்துத் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அதுவே பதில்.

பத்துப் பேர்ச்சுக்குள் ஒரு மலக்குழி

தங்கச்சி பார்த்து வைத்த துண்டுக்கு ஒரு ஞாயிறு ரேப்போடு போனேன். நாற்பதுக்கு அறுபத்தெட்டு அடி, சரியாகப் பத்துப் பேர்ச். காணியில் மூன்றில் ஒரு பங்காவது வெறுமையாக விடவேண்டும் என்று வைத்தாலும் கட்ட ஆயிரத்து எண்ணூறு சதுர அடி இருக்கிறது, தாராளம். வீட்டுக்கு இடமிருக்கிறது. மலக்குழிக்குத்தான் இடமில்லை.

கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் ஐம்பது, அறுபது அடி என்று பி.எச்.ஐ. பார்ப்பார். எங்கள் கிணற்றை மட்டுமல்ல, வேலிக்கு அப்பால் உள்ள கிணறுகளையும். குழாய்த் தண்ணீர் எடுத்து நாங்கள் கிணறு வெட்டாமல் விட்டாலும் அயலவரின் கிணறு போய்விடாது. இடது பக்க வீட்டுக்காரரின் கிணறு வேலியிலிருந்து பத்தடியில். வலது பக்கம் பின் மூலைக்குக் கிட்ட இன்னொன்று. அங்கிருந்து ரேப்பைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தேன். இரண்டுக்கும் தப்பி மிஞ்சியது முன்பக்கம் வலது மூலை, கேற்றடி. முன்வாசலில் குழி. செய்யலாம், செய்தவர்கள் இருக்கிறார்கள். குளியலறையை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும், சமையலறை பின்னுக்கு, குழாய் வீட்டின் நீளத்துக்கும் ஓட வேண்டும். வீட்டின் முகமே மாறிவிடும். மச்சான் ஒன்றும் பேசாமல் நின்றார்.

ஊரில் அரை ஏக்கர், எங்கள் கணக்கில் எட்டுப் பரப்பு. குழியை எட்டத்தில், தென்னைப் பக்கம் வைக்கலாம். அங்கே வேறு கவலை. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது வாசற்படிகளில் ஒன்றை மட்டும்தான் தண்ணீர் மூடாமல் விட்டுவைத்தது. நீட்டுகிற பகுதியின் நிலமட்டத்தைப் படத்திலேயே பழைய வீட்டைவிட உயர்த்திப் போட வேண்டும். இரண்டு மட்டமும் சேருமிடத்தில் ஒரு படி வரும், வரட்டும்.

வீட்டுத்திட்ட வீட்டை நீட்டுவது பற்றி ஒன்று. ஐந்தரை இலட்சத்தில் ஐந்நூற்றைம்பது சதுர அடி. கட்டம் கட்டமாகக் காசு வந்ததால் ஆளுக்காள் அத்திவாரம் வித்தியாசம். சிலர் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து ஆழமாகப் போட்டார்கள், சிலருக்கு அது முடியவில்லை. மேலே இன்னொரு மாடி யோசிப்பவர்கள் அத்திவாரத்தைத் தோண்டிப் பார்க்காமல் படம் கீறக் கூடாது. களிமண் பக்கமென்றால் கோடையில் சுவர் வெடித்த இடங்களை முதலில் பாருங்கள். தங்கச்சியின் வீட்டில் மேற்குப் பக்கம் ஒரு அறை, அதோடு சேர்ந்த குளியலறை, முன்னால் விறாந்தை, அவ்வளவுதான். இப்போது காசு ஒரு அறைக்குத்தான் என்றாலும் படத்தை மொத்தமாகக் கீறச் சொன்னேன். ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு தரம் சபைக்குப் போவது வீண் அலைச்சல்.

யார் கொண்டு போவது

தானே போகலாம், படம் கீறுபவரிடம் முழுதாக விடலாம், "எல்லாம் நான் பார்க்கிறன்" என்பவரிடம் கொடுக்கலாம். மூன்றாவதை விடுங்கள். அவர் வாங்குகிற காசு யாருக்குப் போகிறது என்று உங்களுக்குத் தெரியாது, தெரிந்தால் இன்னும் கரைச்சல்.

படம் கீறுபவர் சபையில் பதிவு உள்ளவராக, அந்தச் சபைக்கே வழமையாகக் கீறுகிறவராக இருந்தால் நல்லது. அங்கே ரீ.ஓ. எதைக் கேட்டுத் திருப்பி அனுப்புவார் என்று அவருக்கு மனப்பாடம். கொழும்பிலிருந்து அழகான முப்பரிமாணப் படம் அனுப்பிய ஒருவர் எங்கள் கடைக்கு வந்தார். கண்ணாடியும் நிழலும் பார்க்க ஆசையாக இருந்தது, மலக்குழியைக் காணவில்லை. ஆனால் படத்தை அவரிடம் விட்டாலும் கோவையை அவரிடம் விடாதீர்கள். விண்ணப்பம் கொடுத்த இலக்கத்தை நீங்களே எழுதி வைத்து, கிழமைக்கு ஒரு தரம் போய்க் கேளுங்கள். ரீ.ஓ. வரும்போது நீங்கள் காணியில் நிற்க வேண்டும். அவர் "இதை ரெண்டடி தள்ளினால் சரி" என்று வாயால் சொல்வதை நீங்கள் கேட்டால் ஒரு மாதம் மிச்சம்.

கட்டிப்போட்டுப் பார்ப்பம் என்பவர்களுக்கு

நேர்மையாகச் சொன்னால் வன்னியில் நிறையப் பேர் எடுத்த வழி இதுதான். இடம்பெயர்ந்து திரும்பி வந்தவன் தறப்பாளுக்குக் கீழே இருந்துகொண்டு வீதிக்கோடு பார்த்துக்கொண்டிருக்க மாட்டான். அதில் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. இன்றைக்கு அதைச் செய்வது வேறு கதை. பிரகடனப் பகுதியில் அனுமதி இல்லாமல் கட்டினால் நிறுத்தச் சொல்லி அறிவித்தல் வரும், அதற்கும் மசியாவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் இடிக்கக் கட்டளை எடுக்கலாம். அந்தளவுக்குப் போகாமல் கவரிங் அப்ரூவல் என்று பின்னால் எடுக்கிறவர்கள் உண்டு. கட்டணம் கூட, அதுவும் கட்டியது விதிக்குள் இருந்தால்தான். வீதிக்கோட்டுக்குள் நிற்கிற சுவருக்கு எந்தக் கட்டணமும் உதவாது. பிறகு வங்கிக் கடனுக்கு ஒருநாள் போவீர்கள், அவர்கள் முதலில் கேட்பதே பாஸ் பண்ணிய பிளான்.

வங்கி என்று வந்தால் கணக்கு ரவுன் பக்கம் சாயும். உறுதிக் காணியை எந்த வங்கியும் ஈடு எடுக்கும். பெர்மிற் காணியைத் தனியார் வங்கி தொடாது, அரச வங்கியும் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் பார்க்காது. கடன் எடுத்துத்தான் கட்ட வேண்டும் என்றால், துண்டாக்கல் அனுமதியும் வீதிக்கோடும் உள்ள ரவுன் காணியைத் தேடிக்கொண்டு இருங்கள், அவசரப்படாமல். கையிலுள்ள காசில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறவருக்கு ஊர்க் காணி. நாளைக்கு விற்கிற யோசனை இருந்தால் பெர்மிற் காணியில் பெரிய வீடு கட்டாதீர்கள். போட்ட காசைத் திருப்பி எடுக்க வழி குறைவு.

தங்கச்சி பார்த்த துண்டுக்காரரிடம் துண்டாக்கல் அனுமதியைக் கேட்டோம். "அது பிறகு எடுத்துத் தாறம் அக்கா" என்றார். அன்றைக்கே அந்தக் கதை முடிந்தது. மச்சானுக்குக் கடன் எடுக்கவும் விருப்பமில்லை. மகள் ஏ.எல். முடியும் வரை எங்களோடேயே நிற்கட்டும், ஊர் வீட்டை நீட்டுவம் என்று முடிவெடுத்தார்கள். நான் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்து, பெயர் மாற்றக் கோவை ஏழு மாதம் நகர்ந்து, பிரதேச செயலாளரின் கடிதம் போன மாதம்தான் கைக்கு வந்தது. ஆசாரியார் இன்னும் வரவில்லை. ரீ.ஓ. வந்து போகும் வரைக்கும் நல்ல நாள் பார்க்கக் கூடாது என்று தங்கச்சியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை வருகிறாராம். கடையில் லீவு சொல்லிவிட்டேன், நீள ரேப் ஒன்றையும் எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன்.